ரெண்டு விரக்கடை

காலை அந்தப் பலகை மேல எடுத்து வச்சுக்கிடுங்க அக்கா. இல்லன்னா லிஃப்ட் வாசல்ல இடிச்சிரும். பையை மடியில வச்சுக்கிடுங்க. பாஸ்போர்ட்டு, போர்டிங் பாஸு ரெண்டும் உள்ள இருக்குல்லா? சரி. உங்க கேட்டு அந்தக் கடைசி. இங்கருந்து ஒரு குட்டி ரயில்ல ஏறி இறங்கணும். பதறாதீக, ரெண்டு மணி நேரம் கிடக்கு. வீல்சேர் ஆளை ஏத்தாம அவங்க கதவை அடைக்க மாட்டாக.

மொதல்ல உங்களை வேலாயுதம்னு கூப்பிட்டேன்லா, கோவிச்சுக்கிடாதீக. கையில இருக்கிற இந்த மெஷின்ல அப்படித்தான் வந்துச்சி. அது உங்க வீட்டுக்காரர் பேராத்தான் இருக்கும்னு எனக்கும் தெரியும். நம்ம ஆளுக எல்லாரும் புருசன் பேருல, அப்பன் பேருலதான் இந்த தோஹாவுல வந்து இறங்குதாக. இங்க உள்ளவனுக்குக் கடைசில இருக்கிற பேருதான் பேரு. செத்துப் போன ஆளையெல்லாம் தெனமும் இந்த வாசல்ல நின்னு சத்தம் போட்டுக் கூப்பிடுதோம். என்னயப் பாருங்க, நெஞ்சு அட்டையில என்ன போட்டிருக்கு? சுயம்பு. அது எங்க அப்பா. எம் பேரு தவசிக்கனி. பதினோரு வருசத்துல இங்க என்னயத் தவசின்னு ஒரே ஒருத்தன்தான் கூப்பிட்டிருக்கான்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில முப்பது வருசம் நர்ஸா இருந்தேன்னு சொன்னீகல்லா. அதைக் கேட்டதும்தான் எனக்கு வாய் தெறந்துச்சி. இல்லன்னா நான் இவ்வளவு பேசுத ஆளு இல்ல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சக்கரையில காலை எடுக்காகல்லா, அது எந்தக் காலுன்னு எப்படி வரும்? முன்னால அடி பட்ட காலாப் பாத்து வருமா, இல்ல அது பாட்டுக்கு எந்தக் காலுக்கும் வருமா? எனக்கில்ல அக்கா. எனக்குச் சக்கரை கிடையாது. ஒரு ஆளுக்கு. இருங்க, இருங்க, உடனே சொல்லாதீக. முழுசும் கேட்டுட்டுச் சொல்லுங்க.

கொம்பையான்னு கேள்விப்பட்டிருக்கீகளா? வாலிபால் கொம்பையா. ஆறு வருசம் இந்தியா கேப்டன். டெல்லியில கூப்பிட்டு மெடல் குத்தி விட்டாக. தெரியாதா? அது சரி, கோவில்பட்டிக்காரகளுக்கு ஹாக்கியை விட்டா வேற என்ன தெரியும். எங்க பக்கத்துல கேட்டுப் பாருங்க. சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடி எங்க வேணும்னாலும் கேளுங்க. எங்க ஊரு ஆனைவிளையில நுழையிற எடத்துலயே அவன் பேருல வளைவு நிக்கி. ஆளு குதிச்சான்னா இடுப்பு வலைக்கு நேரா வரும். அப்படிக் குதிக்கிற ஆளை நான் பொறவு பாத்ததில்ல.

அவனும் நானும் ஒரே தெரு. ஒரே டீமு. அவன் அடிப்பான், நான் பந்தை எடுத்துக் குடுப்பேன். செட்டர்னு பேரு அதுக்கு. அடிக்கிறவனை ஊரே பாக்கும். எடுத்துக் குடுக்கிறவனைப் பெத்த தாயி கூடப் பாக்க மாட்டா. நான் அதைக் குறையாச் சொல்லல. உள்ளதைச் சொல்லுதேன்.

எங்களுக்குள்ள ஒரு பந்து உண்டு. நான் வலைப் பக்கம் நிக்கும்போது கையைப் பின்னால கொண்டு போயி, இடுப்புக்குக் கீழ சுண்டுவிரலை மட்டும் நீட்டுவேன். பின்னால நிக்கிற அவனுக்கு மட்டும் தெரியும். நீட்டினேன்னா என்ன அர்த்தம்னா, பந்து என் கைக்கு வர்றதுக்கு முன்னாலயே அவன் குதிச்சிரணும். பந்தைப் பாக்கப்படாது. அவன் மேல போயிக் கையை ஓங்கும்போது, அந்தக் கை எங்க இருக்கோ அங்க நான் கொண்டு போயி வைப்பேன். வலையிலருந்து சரியா ஒரு சாண். எதிராளி கையைத் தூக்குறதுக்குள்ள பந்து தரையில கிடக்கும். ஒன்பது வருசம் அந்தப் பந்து வச்சிருக்கேன் அக்கா. ஒரு நாள், ஒரு நாள் கூடத் தப்பினதில்ல. கண்ணைக் கட்டி விட்டாலும் வைப்பேன்.

இந்தா ரயிலு வந்துட்டு. இருங்க, பிரேக் போட்டுருதேன். கம்பியைப் பிடிக்க வேண்டாம், நான் பிடிச்சிருக்கேன்.

தொண்ணூத்தி மூணுல பாளையங்கோட்டையில செலக்சன் வச்சாக. மெட்ராஸ்ல ஒரு பெரிய பேங்கு, அவங்களுக்கு டீமு உண்டு. எடுத்தாகன்னா வேலையும் உண்டு, ஆயுசுக்கும் கவலையில்ல. ரெண்டு பேரும் போனோம். அவன் அன்னைக்கு அடிச்ச அடியில செலக்சன் பண்ண வந்த ஆளு நாக்காலிய விட்டு எந்திரிச்சிட்டாரு. அந்தப் பந்து அம்புட்டும் நான் குடுத்தது. ஒரு செவ்வாக்கெழமை கடுதாசி வந்துச்சி. அவனுக்கு வந்துச்சி. எனக்கு வரல.

மூணு நாள் நான் தபால்காரர் பின்னாலயே நடந்தேன். கோட்டிக்காரன் மாதிரி. நாலாம் நாள் அவரே சைக்கிளை நிறுத்தி, இல்லப்பா, உனக்கு வந்தா நான் வீட்டுக்கே கொண்டு வந்து தருவேன்லான்னாரு. எரிஞ்சிது அக்கா. அதைச் சொல்ல என்ன வெக்கம், எரியத்தான் செஞ்சிது. அன்னைக்குச் சாயங்காலமே கொம்பையா எங்க வீட்டுக்கு வந்து, எங்க அப்பா பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டே, நான் போயி உனக்கும் சொல்லி வைக்கேன்டேங்கான். சொல்லி வைக்கானாம். நான் கொல்லைக்குப் போயிட்டேன்.

அந்த ஞாயித்துக்கெழமை கோயில் கொடைத் திருவிழாவுக்கு வச்ச மேட்ச்சு பைனல். அவன் ஊர்ல ஆடுத கடைசி மேட்ச்சு. ஊரே அவனுக்கு மாலையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கி. கடைசிச் செட்டுல நான் சுண்டுவிரலை நீட்டினேன். அவன் குதிச்சான். பந்து ரெண்டு விரக்கடை, இந்தா ரெண்டு விரல் அகலம், வலைப் பக்கம் போயிட்டு. கை தவறிட்டு. வேர்வை, செம்மண்ணு, பந்தும் பழசு. எட்டிப் பிடிக்கப் பாத்து, ஆளு நிலை தப்பி, வலைக்கு அந்தப் பக்கத்து எதிராளி பாதத்து மேல இறங்கிட்டான். வலது முட்டு திரும்பிட்டு. சத்தம் கேட்டுச்சி எனக்கு.

ஆறு மாசம் கட்டோட கிடந்தான். பேங்குக்காரங்க காத்திருந்தாக, அதைச் சொல்லணும். ஊர்ல ரெண்டொருத்தன் என்னய ஒரு மாதிரிப் பாத்தான். ஆனா கொம்பையா என்ன சொன்னான் தெரியுமா? நாந்தான் அவசரப்பட்டுக் குதிச்சிட்டேன், தவசி பந்து சரியாத்தான் வந்துச்சின்னு சொன்னான். எல்லார் முன்னாலயும் சொன்னான். அவனே சொல்லிட்டான்லா. அதுக்கு மேல என்ன இருக்கு? யாரும் கேட்டா நானும் அதையேதான் சொல்லுவேன், கை தவறிட்டுன்னு. முப்பத்தோரு வருசமா அதைத்தான் சொல்லுதேன்.

பொறவு போயிட்டான். பேங்கு, இந்தியா டீமு, ஜப்பான், ஈரான்னு சுத்தினான். அந்த முட்டுல ஒரு பட்டையைக் கட்டிக்கிட்டேதான் ஆடினானாம். நான் டிவில பாக்கல. அவன் வந்தா எந்திரிச்சுப் போயிருவேன், இல்லன்னா சேனலை மாத்திருவேன். என்னய அடியோட மறந்துட்டான் அக்கா. பெரிய ஆளானா அப்படித்தான். மூணு கடுதாசி போட்டான், நான் பதில் போடல. கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்துச்சி, நான் போகல. அதோட விட்டுட்டான் பாருங்க. ஒம்பது வருசம் பந்து குடுத்தவனை அவ்வளவு லேசா விட்டுட்டான்.

இறங்குவோம். இந்தப் பக்கம். கூட்டமா இருக்கு, கையை உள்ள வச்சுக்கிடுங்க.

போன மாசம் ஒன்பதாம் தேதி. பகல் ரெண்டு மணி இருக்கும். மெட்ராஸ் பிளேன் வந்து நின்னுருக்கு, எனக்கு மெஷின்ல பேரு வருது, ஊர்க்காவலன்னு. நம்ம பக்கத்துப் பேராச்சேன்னுதான் நெனச்சேன். வேற ஒண்ணும் ஓடல. கதவுகிட்டப் போயி ஊர்க்காவலன், ஊர்க்காவலன்னு கூப்பிடுதேன். உள்ளருந்து ஒரு ஆளு, அது எங்க அப்பா பேரு, நாந்தான் வாங்கன்னு குரல் குடுக்காரு. எட்டிப் பாக்கேன். கொம்பையா. தலை முழுக்க நரைச்சு, மூக்குக் கண்ணாடி போட்டு, வலது காலு முட்டுக்குக் கீழ இல்ல. பேண்டை மடிச்சு ஊக்குக் குத்தியிருக்கு.

எனக்கு எப்படி இருந்துச்சின்னு கேக்கீகளா? ஒண்ணுமே தோணல அக்கா. நெசமாச் சொல்லுதேன். சந்தோசமும் இல்ல, துக்கமும் இல்ல. இங்க வந்து எனக்கு எல்லாம் மரத்துப் போச்சு. எங்க அப்பா போயிட்டாருன்னு போன் வந்தப்பவும் ரெண்டு பாசஞ்சரைக் கேட்டுல விட்டுட்டுத்தான் வந்து உக்காந்தேன். அன்னைக்கும் அப்படித்தான். பெல்ட்டை மாட்டினேன், தள்ளினேன்.

எனக்குத் தும்மல்னு சூப்பர்வைசர் மாஸ்க் போடச் சொல்லியிருந்தான். தலையில தொப்பி. அட்டையில சுயம்பு. என்னய அவனுக்குத் தெரிய வழியே இல்ல. நானும் தமிழ் பேசல. ஹிந்தில பேசினேன். சாப், பையை மடியில வைங்க, சாப், கையை உள்ள வைங்கன்னு. அவனும் ஹிந்தில பதில் சொன்னான். டெல்லில கிடந்தவன்லா. கனடாவுல மக இருக்காளாம், அங்க போயிச் செயற்கைக் காலு வைக்கப் போறானாம். சக்கரையாம். பாதத்துல சின்னப் புண்ணாத்தான் வந்துச்சாம். நான் எதுவும் கேக்கல, அவனாத்தான் சொல்லிக்கிட்டு வந்தான். சக்கரைதான் அக்கா. டாக்டர்மாரே சொல்லியிருக்காக. முட்டுக்கும் சக்கரைக்கும் என்ன சம்பந்தம்?

அந்தா அந்தக் காப்பிக் கடை தெரியுதா, அதுல ஒரு மலையாளி உண்டு, வடகரைக்காரன், என் வயசுதான். தூரத்துல வரும்போதே பாத்துட்டான். கையில இருந்த கோப்பையை அப்படியே வச்சுட்டு ஓடி வாறான். கொம்பையா சாருதானேன்னு கேட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கான். கோழிக்கோட்டுல ஆடினது, கண்ணூர்ல ஆடினதுன்னு வருசத்தோட சொல்லுதான். கண்ணுல தண்ணி வேற. ஒரு போட்டோ எடுத்துத் தாங்கன்னு போனை என் கையில குடுத்தான். எடுத்தேன். ரெண்டாவது ஒண்ணும் எடுத்தேன். அப்ப அந்த மலையாளி, சார் நீங்க குதிச்ச மாதிரி இனி ஒருத்தன் பொறந்து வரணும்னான். கொம்பையா என்ன சொன்னான்னா, நேரா நான் பிடிச்சிருக்கிற போனைப் பாத்துக்கிட்டுச் சொன்னான்.

"குதிக்கிறதுக்கு யாரும் குதிக்கலாம். எனக்குப் பந்து குடுத்தவன் ஒருத்தன் இருந்தான். அவனை மாதிரி யாரும் கிடையாது."

நல்ல தமிழ்ல சொன்னான், மலையாளத்தான் கிட்ட. பேரைச் சொன்னானா? சொல்லல. தவசின்னு சொன்னா வாய் வெந்தா போயிரும்? பெரிய மனுசங்க அப்படித்தான், பெருந்தன்மை காட்டுவாக, பேரு மட்டும் வெளிய வராது. நான் போனைக் குடுத்துட்டு வண்டியைத் திருப்பினேன்.

லிஃப்டுகிட்ட நின்னோம். இந்தா, இதே லிஃப்டுதான். நான் பின்னால நிக்கேன், இப்ப உங்களுக்குப் பின்னால நிக்கிற மாதிரி. அவன் லேசா முன்னால குனிஞ்சான். இடுப்பு வலிக்கு போலன்னு நெனச்சேன். வலது கையைப் பின்னால கொண்டு வந்தான். சேருக்கும் முதுகுக்கும் நடுவுல வச்சு, சுண்டுவிரலை மட்டும் நீட்டினான்.

லிஃப்டு வந்து கதவு தெறந்து, மூடி, போயிட்டு. நான் தள்ளல. அவன் திரும்பியும் பாக்கல. விரலை மடக்கிக் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டான். பொறவு முன்னால பாத்தே பேசினான். சுயம்பு சித்தப்பா போனப்ப நான் டெல்லில பயலுகளுக்குக் கோச்சாக் கேம்புல இருந்தேன், வர முடியல, அது இன்னைக்கும் மனசுல கிடக்குன்னான். அப்பத்தான் எனக்கு உறைச்சிது. அட்டை. எங்க அப்பா பேரை அவன் பாத்திருக்கான். எங்க வீட்டுல எத்தன நாள் தின்ன சோறு, அந்தப் பேரை அவன் மறப்பானா? பிளேன் கதவுகிட்டயே தெரிஞ்சிருக்கு. ஹிந்தி பேசினது அம்புட்டும் எனக்காகப் பேசியிருக்கான்.

ரெண்டாவது லிஃப்டு வந்துச்சி. ஏறி இறங்கினோம். இந்த நடையில வந்தோம், இந்தா இப்ப நாம வாற இதே நடை. கேட்டுக்கு ஒரு இருபது அடி இருக்கும்போது கேட்டான்.

"தவசி, ஒண்ணே ஒண்ணுடே. அந்தப் பந்து கை தவறினதுதானே?"

தானேன்னு கேட்டான் அக்கா. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அவனுக்கு. அதைத்தான் கேக்கான். முப்பத்தோரு வருசமா ஊரு முச்சூடும் சொன்ன வார்த்தை. எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னது, எங்க அப்பாகிட்டச் சொன்னது. கொஞ்சம் முன்னால உங்ககிட்டயும் சொன்னேன்லா, கூசாமச் சொன்னேன். அது அன்னைக்கு வாயில வரல. நின்னு பாத்தேன், வரல.

"கேட்டு வந்துட்டு சார்"னேன்.

அன்னைக்கு அவன்கிட்ட நான் பேசின தமிழ் அவ்வளவுதான்.

அவன் மடியில இருந்த பையை இழுத்துச் சரியா வச்சுக்கிட்டான். அப்புறம், சரிடேன்னான். கோவம் மாதிரியும் இல்ல. உள்ள போற ஒடுக்கமான சேருக்கு மாத்தணும், நானும் ஒரு நேபாளத்தானும் கக்கத்துல கை குடுத்துத் தூக்கினோம். கனமே இல்ல. அந்த ஒத்தக் காலைத் தரையில ஊன்றி எம்பினான் பாருங்க, அதுல மட்டும் பழைய கொம்பையா தெரிஞ்சான். உள்ள கொண்டு போயிட்டாக. நான் அடுத்த பேரு என்ன வந்திருக்குன்னு மெஷினைப் பாத்தேன். குஜராத்திக் கெழவர் ஒருத்தர்.

இந்தா, உங்க கேட்டு. இப்படி ஓரமா நிறுத்துதேன். நானும் செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன், இங்க எவனும் பாக்க மாட்டான். தண்ணி குடிக்கீகளா?

இப்பச் சொல்லுங்க. பழைய முட்டுக்கும் காலு போனதுக்கும் சம்பந்தம் உண்டா, கிடையாதா?

ம்.

ம். முட்டு கோணினா பாதம் ஒரு பக்கமாவே ஊன்றும். சரி. அழுத்தம் ஒரே எடத்துல விழும். அங்க காய்ச்சுப் போகும், பொறவு புண்ணு வரும். சக்கரைக்காரகளுக்கு உணர்ச்சி இருக்காது, அதனால புண்ணு இருக்கதே தெரியாது. தெரியும்போது முத்திப் போயிருக்கும். இருக்கலாம்ங்கீக. இப்படித்தான்னு அடிச்சும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதுங்கீக. நர்ஸு வேலை பாத்தவுக, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். உணர்ச்சி இருக்காதாக்கும். அது எனக்குத் தெரியாது.

ஏன் அப்படிப் பாக்கீக? நீங்களும் அவன் கேட்டதையே கேக்கீகளா?

ரெண்டு விரக்கடை அக்கா. ரெண்டே ரெண்டு விரக்கடை வலைப் பக்கமாத் தள்ளி வச்சேன். அவன் வலையில போயி மோதி விழணும், மாலையை வச்சுக்கிட்டு நிக்கிற ஊரு ஒரு நிமிசம் சிரிக்கணும். அதுக்கு மேல நெனைக்கல. காலை நெனைக்கல. நான் நீட்டின விரலை நம்பிப் பந்தைப் பாக்காமக் குதிச்சான். இதை நான் ஒரு ஆளுகிட்டச் சொல்லுதேன்னா அது உங்ககிட்டத்தான். சொன்னா நெஞ்சுக்குள்ள என்னமாச்சும் அசையும்னு பாத்தேன். அசையல.

கூப்பிடுதாக. உங்களைத்தான் மொதல்ல ஏத்துவாக. பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில வச்சுக்கிடுங்க. பிரசவம் பாக்கப் போறீக, மகளுக்கு நல்லபடியாப் பிள்ளை பொறக்கட்டும். அந்தப் பக்கம் இறங்கும்போது வேலாயுதம்னுதான் கூப்பிடுவான், நீங்க கையைத் தூக்கிருங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு அக்கா. இந்த மெஷின்ல, இந்தக் கட்டத்துக்குள்ள, விரலால ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. பத்திரமாக் கொண்டாந்து விட்டுட்டேன்னு. எல்லாரும் போடணும். அவனும் போட்டுட்டுத்தான் போனான்.